எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை: எந்தப் பல்லைத் தொடுவது?

புதுக்கை
செவ்வாய், இரவு 9.50

பல் மருத்துவராகத் தனியாகப் பார்க்க ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். ஒரு நோயாளி விஷயத்தில் கை ஓடவில்லை. வியாழக்கிழமை காலை மறுபடி வருகிறார். அதற்குள் மூத்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

46 வயதுப் பெண். ஐந்து மாதமாக இடது பக்கம் வலி. சாப்பிடும்போது சில சமயம் ‘சுருக்’ என்று ஒரு வெட்டு, வந்த வேகத்தில் போய்விடுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். இரவில் தூக்கம் கெடுவதில்லை. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. எந்தப் பல் என்று கேட்டால் ஒரு நாள் மேலே காட்டுகிறார், ஒரு நாள் கீழே காட்டுகிறார். மூன்று மாதத்துக்கு முன் வேறோர் இடத்தில் மேல் இடது 25ஆம் பல்லுக்கு (முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல்) வேர்சிகிச்சை செய்திருக்கிறார்கள். இரண்டு வாரம் சும்மா இருந்த வலி திரும்ப வந்துவிட்டது.

நான் பார்த்தவை: 25இன் வேர்சிகிச்சை எக்ஸ்ரேயில் நன்றாகவே இருக்கிறது, உறை இன்னும் போடவில்லை. கீழே 36இல் பழைய, பெரிய வெள்ளி அடைப்பு. 37இல் நடுவில் சின்ன அடைப்பு. எந்த வேர் நுனியிலும் கருமை தெரியவில்லை. தட்டிப் பார்த்தால் எதுவும் வலிக்கவில்லை. ஈறின் ஆழம் சாதாரணம்.

அடைப்பின் அளவைப் பார்த்தால் 36தான் குற்றவாளி என்று தோன்றுகிறது. அதற்கு வேர்சிகிச்சை தொடங்கிவிடலாமா? அவரோ, “எதையாவது ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள் டாக்டர், நிம்மதியாக இருப்பேன்” என்கிறார்.

வேர்ப்பாதை
செவ்வாய், இரவு 10.35

கையை எடுங்கள் தம்பி.

“அடைப்பின் அளவைப் பார்த்தால்” என்று எழுதியிருக்கிறீர்கள். 25ஐத் திறந்தவரும் ஒருவேளை இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். இப்போது நீங்கள் 36ஐத் திறந்து, அடுத்தவர் 37ஐத் திறந்தால், அந்த அம்மாவுக்கு மூன்று பல் போய் வலி மட்டும் அப்படியே இருக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒன்றைக் காணவில்லை. அவர் வீட்டில் படுகிற அதே வலியை உங்கள் நாற்காலியில் ஒரு முறையாவது வரவழைத்தீர்களா? அது வராதவரை நீங்கள் பார்த்தது வாயைத்தான், வலியை அல்ல.

அவர் ஏன் மேலும் கீழும் காட்டுகிறார் என்பதையும் யோசியுங்கள். பற்கூழுக்குள், அதாவது பல்லின் நடுவே உள்ள மென்திசுவுக்குள், இருக்கும் நரம்புக்கு வலிக்கத் தெரியும், இடம் சொல்லத் தெரியாது. இடம் சொல்வது பல்லை எலும்போடு கட்டியிருக்கும் தசைநார். அழற்சி வேர் நுனியைத் தாண்டி அங்கே இறங்கிய பிறகுதான் நோயாளி ‘இதோ, இந்தப் பல்’ என்று விரலை வைப்பார், தட்டினால் துள்ளுவார். இவருக்குத் தட்டினால் வலியில்லை. ஆகவே தொல்லை பற்கூழிலேயே நிற்கிறது என்று முதலில் நினைக்கலாம். அந்த வலி மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே தாவும், ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை. ஆகவே இடது பக்கம் என்று அவர் சொல்வதை நம்பலாம், மேலா கீழா என்பதை நம்ப வேண்டாம்.

குளிர்ச் சோதனை எப்படிச் செய்தீர்கள்? எத்தனை நொடி? கடிக்கவைத்துப் பார்த்தீர்களா? ஈறின் ஆழத்தை எத்தனை இடத்தில் அளந்தீர்கள்?

புதுக்கை
செவ்வாய், இரவு 10.58

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. குளிருக்கு ஒரு ஐஸ் துண்டை வைத்தேன். கீழே எல்லாப் பல்லும் கூசுகிறது என்றார். நொடி எண்ணவில்லை. பஞ்சுருளையைக் கடிக்கச் சொன்னேன், வலி வரவில்லை. ஈறை ஒவ்வொரு பல்லிலும் நான்கு மூலையில் அளந்தேன். அதைத்தான் ‘சாதாரணம்’ என்று எழுதினேன்.

வேர்ப்பாதை
செவ்வாய், இரவு 11.40

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறோம், அட்டையில் மட்டும் ‘சாதாரணம்’ என்று எழுதுகிறோம்.

ஐஸ் துண்டு உருகும். உருகிய தண்ணீர் ஈறோரமாக ஓடிப் பக்கத்துப் பல்லைத் தொடும். பிறகு எல்லாப் பல்லும் கூசத்தான் செய்யும். குளிரூட்டும் ஸ்பிரே வாங்கி வையுங்கள். டெட்ராபுளூரோஈத்தேன் உள்ளது ஏறக்குறைய மைனஸ் 26 டிகிரி வரை போகும். அதைப் பல்லின் மேல் நேராக அடிக்கக் கூடாது. சின்னப் பஞ்சு உருண்டையில் அடித்து, அது வெள்ளையாக உறைந்ததும், எச்சில் ஒற்றி உலர்த்திய பல்லின் கன்னப்பக்கத்தில் வைக்க வேண்டும். முதலில் வலது பக்கத்தில், எந்தத் தொல்லையும் இல்லாத அதே பல். ‘சில்லென்று தெரிந்ததும் கையைத் தூக்குங்கள், முழுதாக மறைந்ததும் இறக்குங்கள்’ என்று சொல்லிவிட்டு, பஞ்சை எடுத்த கணத்திலிருந்து எண்ணுங்கள். அவருடைய இயல்பு என்ன என்று தெரிந்த பிறகுதான் இடது பக்கம். சந்தேகப்படும் பல்லைக் கடைசியில் தொடுங்கள். முதலிலேயே அதைத் தொட்டு வலியைக் கிளப்பிவிட்டால் மற்றப் பற்கள் சொல்வதெல்லாம் குழம்பிவிடும்.

சுருக்கென்று வந்து சில நொடியில் மறைந்தால் பற்கூழ் இன்னும் மீளக்கூடியது. குளிரை எடுத்த பிறகும் அரை நிமிடம், அதற்கு மேலும் என்று வலி இழுத்துக்கொண்டே போனால் மீளாத அழற்சி. ஒன்றுமே தெரியவில்லை என்றால் பற்கூழ் செத்திருக்கலாம், அல்லது வயதானவர்களுக்கு ஆவதுபோல் கூழறை சுருங்கியிருக்கலாம். மின்சோதனைக் கருவி உயிர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் உதவும். அதில் வரும் எண்ணைப் பார்த்துப் பல்லின் ஆரோக்கியத்தை அளக்க முடியாது.

பஞ்சுருளை மெத்தென்றிருக்கும், பல் முழுவதும் ஒன்றாக அழுங்கும். விரிசல் இருந்தால் அதன் இரு பக்கமும் விலகினால்தான் வலிக்கும். அதற்குப் பல்லின் மேல்பரப்பில் மேடாக நிற்கும் கூம்புகளை ஒவ்வொன்றாகக் கடிக்கவைக்கிற பிளாஸ்டிக் கடிகுச்சி வேண்டும். நோயாளி அழுத்திக் கடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டாம். விடும்போது பாருங்கள். விரிசல் விட்ட பல் பெரும்பாலும் விடும்போதுதான் குத்தும்.

ஈறின் ஆழம்: அளவுகோலை எடுத்து எடுத்துக் குத்துவதல்ல. உள்ளேயே வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நடத்திக்கொண்டு போக வேண்டும். விரிசல் வேருக்குள் இறங்கியிருந்தால் எல்லா இடமும் 3 என்று போய், ஓர் ஊசி இடைவெளியில் மட்டும் திடீரென்று 8 என்று விழும். நான்கு மூலை அளப்பவர் கையில் அது சிக்காது.

இரண்டுநாற்காலி
புதன், காலை 7.15

வேர்ப்பாதை ஐயா சொல்வது வேர்சிகிச்சை மட்டும் பார்க்கிற நிபுணருக்குச் சரி. வெளியே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு கூம்பாகக் கடிக்கவைத்து, நொடி எண்ணி, ஈறோரம் நடைபயணம் போவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

36இல் பெரிய அடைப்பு. என்றைக்கிருந்தாலும் அதற்கு வேர்சிகிச்சை வரத்தான் போகிறது. பத்தில் எட்டு முறை இந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும், என் அனுபவத்தில் சொல்கிறேன். முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாருங்கள். குறைந்தால் தொற்று, குறையாவிட்டால் வேறு. நோயாளி வலியோடு வந்திருக்கிறார், பரிசோதனைக்கூடத்துக்கு வரவில்லை.

உள்வாய்
புதன், காலை 8.40

வாய் மருத்துவத் துறையில் இருக்கிறேன். இரண்டுநாற்காலி சாரிடம் பாதி உடன்பாடு: நேரம் இல்லை என்பது உண்மை. மற்றப் பாதியை விட்டுவிட மனமில்லை.

ஆன்டிபயாடிக்கை நோய்கண்டறியும் கருவியாகப் பயன்படுத்தாதீர்கள். பற்கூழ் அழற்சி வலிக்கு அது வேலை செய்வதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களில், பல்லுக்கு நேரடியாகச் சிகிச்சை தர முடிகிறபோது இந்த வகை வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை என்று வந்தால் அது வேறு கதை. இந்த அம்மாவின் வலி தானாகவே வந்து போகிறது. ஐந்து நாள் மாத்திரை விழுங்கிய சமயத்தில் அது தற்செயலாக அடங்கினால், தொற்று என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். 25க்குப் பின் இரண்டு வாரம் அடங்கியதே, அதைப் போல.

புதுக்கை, பல்லைத் தேடுவதற்கு முன் இது பல்தானா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, காற்று பட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் வருகிறதா? ஒரு நொடிக்கும் குறைவிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறதா? அப்படியானால் டிரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக்கிளை நரம்பு வலி. மேல்வரிசையில் பல கடைவாய்ப் பற்கள் ஒன்றாக வலித்து, குனிந்தால் கனத்தால் சைனஸ். காலையில் தாடை இறுகி, கன்னத்து மாசெட்டர் தசையை அழுத்தினால் கீழ்க் கடைவாயில் அதே வலி எழுந்தால் தசை.

இன்னும் மூன்று உண்டு, அரிதுதான், ஆனால் தவறவிடக் கூடாது. மாடிப்படி ஏறினால் தாடை வலித்து உட்கார்ந்தால் விட்டால் இதயம். ஐம்பது வயதுக்கு மேல், மென்று கொண்டிருக்கும்போதே தாடை அசந்துபோய்ப் பொட்டிலும் வலி இருந்தால் தமனி அழற்சி. அன்றே அனுப்ப வேண்டும், தாமதித்தால் பார்வை போகும். பல் காரணமோ ஊசிக் காரணமோ இல்லாமல் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போனால், அது வேறு எதுவென்று நிரூபணமாகும்வரை புற்றுநோய் என்றே நினைத்துத் தேட வேண்டும்.

இத்தனையும் கேட்க மூன்று நிமிடம் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுபல்போனவன்
புதன், பிற்பகல் 1.05

நான் மருத்துவன் அல்ல. இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

என் பெயரே கதையைச் சொல்லும். வலது மேல்தாடையில் வலி. சவரம் செய்யக் கத்தியை மூக்கோரம் கொண்டுபோனால் நெருப்புக் கம்பியைச் சொருகியதுபோல் இருக்கும். இரண்டு மூன்று நொடிதான், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல். அதுதான் கொடுமை. மருத்துவர் முன் உட்காரும்போது வலி இருக்காது, வாயைத் திறக்கவே பயமாக இருக்கும். முதலில் ஒரு பல்லுக்கு வேர்சிகிச்சை. பிறகு அதே பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு பக்கத்துப் பல்.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. இரண்டாவது பல்லை நானேதான் பிடுங்கச் சொன்னேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கடைசியில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஒரு பொது மருத்துவர், “ஏன் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்யாமல் வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். கார்பமசெபின் என்ற நரம்பு வலி மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது நாள் நான் முகம் கழுவினேன்.

அந்த அம்மா பிடுங்கச் சொல்கிறார் என்பதற்காகப் பிடுங்கிவிடாதீர்கள்.

மட்டுறுத்துநர்
புதன், பிற்பகல் 1.30

பொதுவாசகர்கள் இந்த இழையில் எழுதுவதில் தடையில்லை. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய படங்களை மட்டும் யாரும் ஏற்ற வேண்டாம்.

உள்வாய்
புதன், பிற்பகல் 2.10

ஐயா, நீங்கள் எழுதியது இங்கே உள்ள எல்லோரும் படிக்க வேண்டியது. பாதிச் சவரம் செய்த கன்னத்தை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

மருத்துவர்களுக்கு ஒரு குறிப்பு. கார்பமசெபினுக்கு வலி கேட்பதே ஒரு துப்பு என்றாலும் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு இருக்கும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணுக் கூறு இருந்தால் தோலுரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம். முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. ரத்த அணுக்களையும் சோடியத்தையும் கண்காணிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அவசியம்: நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துகிறதா, கட்டி இருக்கிறதா, நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸா என்று தெரிய வேண்டும். நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து பார்ப்பதே முறை.

இரண்டுநாற்காலி
புதன், மாலை 4.45

ஆன்டிபயாடிக் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் ஒரு சந்தேகம். 25 காரணமே இல்லை என்றால் வேர்சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் எப்படி அடங்கியது?

வேர்ப்பாதை
புதன், மாலை 5.20

நல்ல கேள்வி. வேர்சிகிச்சை முடிந்ததும் தற்காலிக அடைப்பு வைத்து, 25இன் கடிமட்டத்தைக் கொஞ்சம் இழைத்துத் தாழ்த்தியிருப்பார்கள். ‘கொஞ்ச நாள் மறுபக்கம் மெல்லுங்கள்’ என்றும் சொல்லி அனுப்பியிருப்பார்கள், நாம் எல்லோரும் சொல்வதுதான். இடது பக்கம் முழுவதற்கும் இரண்டு வாரம் ஓய்வு. மறுபடி இடப்பக்கம் மெல்லத் தொடங்கியதும் வலி வந்திருக்கும். என் ஊகம்தான். சரியென்றால் காரணம் கடியில் இருக்கிறது.

மேலா கீழா என்று தீரவே இல்லை என்றால் மேல்தாடைப் பல்லோரம் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலியை எழுப்பிப் பார்ப்பது ஒரு வழி. எழாவிட்டால் மேல். பக்கத்துப் பக்கத்துப் பற்களில் எது என்று பிரிக்க இதை நம்ப வேண்டாம், மருந்து பக்கத்துக்கும் பரவும்.

நான்காமாண்டு
புதன், இரவு 8.05

மாணவி. விரிசல் என்று சந்தேகம் வந்துவிட்டால் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டாமா? அதில் தெரியாவிட்டால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிடலாமே?

கறுப்புவெள்ளை
புதன், இரவு 8.50

படம் பார்ப்பதுதான் என் தொழில், அதனால் பதில் சொல்கிறேன். ஒரு புத்தகத்தை மூடி நிமிர்த்தி, அட்டையை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். உள்ளே தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. முதுகுப் பக்கத்துக்கு எதிரே போய் விளிம்பிலிருந்து பார்த்தால்தான் தெரியும். கடைவாய்ப் பல்லின் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. எக்ஸ்ரே கதிர் கன்னத்திலிருந்து நாக்குப் பக்கம் போகிறது. அட்டையை ஊடுருவிப் பார்ப்பதுபோல்தான்.

வேர் நுனியில் கருமை இல்லை என்பதையும் அளவோடு நம்புங்கள். பெண்டர், செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் 1961இலேயே காட்டினார்கள்: உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு எவ்வளவு அரித்திருந்தாலும், வெளியே கெட்டி எலும்பைத் தொடாதவரை படத்தில் தெரியாமல் போகலாம்.

முப்பரிமாண ஸ்கேன்? 36இல் வெள்ளி அடைப்பு, 25இன் வேருக்குள் நிரப்புபொருள். இரண்டும் படத்தில் கோடு கோடாக நிழல் வீசும். அந்தக் கோட்டையே விரிசல் என்று படிப்பவர்கள் உண்டு. மயிரிழை விரிசலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லமாட்டேன்.

புதுக்கை
வியாழன், பிற்பகல் 2.30

இன்று காலை வந்தார். முக்கால் மணி நேரம் எடுத்தேன். வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டுநாற்காலி சார், உங்களை நினைத்துக்கொண்டேன்.

முதலில் உள்வாய் மேடம் சொன்ன கேள்விகள். முகம் கழுவினால் வலியில்லை, குனிந்தால் இல்லை, படியேறினால் இல்லை, உதடு மரக்கவில்லை. மாசெட்டரை அழுத்தினேன், லேசாக வலித்தது, ஆனால் “இது அந்த வலி இல்லை” என்று உடனே சொல்லிவிட்டார்.

குளிர்: வலது 46, 47 இரண்டும் நான்கு நொடி. இடது 36 ஐந்து நொடி. நான் நேற்று முன்தினம் துளையிட நினைத்த பல், ஐயா. 37 சுரீரென்று வந்தது, பத்து நொடியில் போய்விட்டது. மேலே 26, 27 இயல்பு. 25க்குத்தான் உயிரில்லையே.

கடிகுச்சி: 36இன் எல்லாக் கூம்புகளும் சும்மா. 37இல் கன்னப்பக்கக் கூம்புகள் சும்மா. பின்பக்கம், நாக்குப்பக்கக் கூம்பில் குச்சியை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கடித்தார், ஒன்றுமில்லை. ‘விடுங்கள்’ என்றேன். விட்ட கணத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். “இதுதான் டாக்டர், இதுதான்” என்றார். ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒருவர் தன் வலியைப் பார்த்துவிட்டார் என்பதுபோல் ஒரு சிரிப்பு வேறு.

37இன் சின்ன அடைப்பை எடுத்தேன். நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு ஒளிக்குச்சியைக் கன்னப்பக்கம் வைத்தேன். பல்லின் பாதி விளக்குபோல் எரிந்தது, பின்விளிம்பை ஒட்டி ஒரு கோட்டில் வெளிச்சம் அறுந்தாற்போல் நின்றது. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருட்டு. மெத்திலீன் நீலச் சாயம் தடவிக் கழுவினேன், நீலமாக ஒரு மயிரிழை, பின்விளிம்பைத் தாண்டிக் குழியின் தரை வரை. அளவுகோலை நடத்தினேன். சுற்றிலும் 3, பின்பக்கம் ஓரிடத்தில் 4, திடீர் ஆழம் எங்கும் இல்லை.

தற்காலிகமாக மூடி, கடிமட்டத்தைத் தாழ்த்தி அனுப்பியிருக்கிறேன். இனி என்ன செய்வது? வேர்சிகிச்சை செய்து உறை போடுவதா, உறை மட்டுமா?

வேர்ப்பாதை
வியாழன், மாலை 6.10

இதுதான் பரிசோதனை. பல் மருத்துவர் கேமரன் 1964இல் ‘விரிசல் பல் நோய்க்குறித் தொகுதி’ என்று இதற்குப் பெயர் வைத்தார். கீழ்க் கடைவாய்ப் பற்கள்தான் இதற்கு அடிக்கடி ஆளாகின்றன. பெரிய அடைப்பே இல்லாத 37கூட.

வேர்சிகிச்சை வேண்டாம். பத்து நொடியில் அடங்கும் பற்கூழ் மீளக்கூடியது. முதல் வேலை பல்லைக் கட்டிப்போடுவது. கூம்புகள் விலகாமல் இருந்தால் பற்கூழ் ஆறும். கிளிப் போடுபவர்கள் பயன்படுத்தும் எஃகுப் பட்டையைச் சுற்றி ஒட்டலாம். அல்லது எச்சில் படாமல் பல்லைத் தனித்து வைக்கும் ரப்பர் டாம் விரிப்பைப் போட்டு, கூம்புகளை ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் குறைத்து, மேலே முழுக்க காம்பாசிட் என்ற பல்நிற அடைப்புப்பொருளால் மூடலாம். விரிசலைத் துரத்திக்கொண்டு பற்கூழுக்குள் போய்விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தர உறை.

இரண்டுநாற்காலி
வியாழன், இரவு 7.30

36 இல்லை, 37. ஒப்புக்கொள்கிறேன். பத்தில் எட்டு என்று நான் சொன்னதில் இவர் ஒன்பதாவது ஆள்.

சிகிச்சையில் மட்டும் மாறுபடுகிறேன். இரண்டு மூன்று மாதம் எதற்குக் காத்திருப்பது? ஒவ்வொரு நாள் மெல்லும்போதும் விரிசல் இறங்கிக்கொண்டிருக்கும். பாதி நோயாளிகள் வலி நின்றதும் திரும்பி வரவே மாட்டார்கள். நேராக உறைக்கு அளவெடுத்துவிடுங்கள்.

வேர்ப்பாதை
வியாழன், இரவு 8.00

திரும்பி வரமாட்டார்கள் என்பது நியாயமான பயம். ஆனால் உறைக்காகப் பல்லை இழைப்பதே ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் பற்கூழுக்கு இன்னோர் அடி. இப்படி மீளக்கூடிய நிலையில் இருந்த விரிசல் பற்களுக்கு உறை போட்டுப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஆறு மாதத்துக்குள் வேர்சிகிச்சைக்குப் போனது. மறுபக்கம் பார்த்தால் ஐந்தில் நான்கு தப்பியது, அதனால்தான் எடுத்த எடுப்பில் வேர்சிகிச்சை வேண்டாம் என்கிறேன். அந்த ஒன்றில் இவர் இருந்தால் புது உறையில் ஓட்டை போட வேண்டிவரும். காம்பாசிட்டில் ஓட்டை போட எனக்கு வருத்தமில்லை. கூம்பை மூடிவிட்டால் நீங்கள் சொல்லும் மெல்லும் விசையைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும்.

புதுக்கை, இந்த எண்ணிக்கையை அந்த அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குபோல் இருக்கும். விரிசல் கூழறையின் தரையைக் குறுக்கே கடந்துவிட்டால் பல்லைக் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்து. பற்களில் தேய்மானத் தழும்பு இருந்தால் இரவில் அரைக்கிறார் என்று பொருள், அதற்குத் தூங்கும்போது பல்லில் மாட்டும் இரவுத் தட்டு.

நான்காமாண்டு
வியாழன், இரவு 8.20

புத்தகத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். இனி மறக்காது.

புதுக்கை
ஏழு வாரம் கழித்து, திங்கள், இரவு 9.15

இழையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

கூம்புகளை மூடிக் காம்பாசிட் வைத்தேன். ரப்பர் டாம் மாட்டவே இருபது நிமிடம் போனது, 37இல் என் கை இன்னும் பழகவில்லை. கடி வலி அன்றே நின்றது. குளிர்க் கூச்சம் மூன்று வாரம் இழுத்தது, இடையில் ஒரு நாள் பயந்துபோய் அழைத்தார். இன்று 37க்குக் குளிர் நான்கு நொடி, வலது பக்கம்போலவே. எல்லாக் கூம்பிலும் கடிகுச்சி வைத்து விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தேய்மானத் தழும்புகள் இருந்தன, இரவுத் தட்டு கொடுத்திருக்கிறேன், போடுகிறாரா என்பது தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். கிளம்பும்போது கேட்டார்: “அப்படியானால் மேல் பல்லுக்கு எதற்காக வேர்சிகிச்சை செய்தார்கள்?” எனக்கு வாய் வரவில்லை. ‘அடுத்த முறை பேசலாம்’ என்று மழுப்பிவிட்டேன்.

உள்வாய்
திங்கள், இரவு 10.00

மழுப்ப வேண்டாம். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: ‘இப்போது உங்கள் வலி 37இலிருந்து வந்தது, அதைச் சரிசெய்த பின் நின்றது. 25 அன்று எப்படி இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை, அதற்கும் தனியாக ஏதாவது இருந்திருக்கலாம்.’ இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் ஊகம், இதைக் குறைத்துச் சொன்னாலும் மறைப்பு. பழைய எக்ஸ்ரே இருந்தால் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இரண்டுநாற்காலி
திங்கள், இரவு 10.12

அந்த 25க்கு உறை போட்டாயிற்றா? வேர்சிகிச்சை செய்த முன்கடைவாய்ப் பல் உறையில்லாமல் ஐந்து மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் பிளந்துகொண்டால் அடுத்த இழை அதற்காகத் தொடங்க வேண்டிவரும்.

கடிகுச்சி வாங்கிவிட்டேன். கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புதுக்கை
திங்கள், இரவு 10.30

நாளைக் காலை 25க்கு அளவெடுக்கிறேன் சார், பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். 36ஐத் தொடவில்லை. ‘குளிர், ஐந்து நொடி’ என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.